காற்று கண்ணாடிக்குப் போகும் வழி

1989 ஜூன். இயற்பியல் விரிவுரையாளனாகத் திருவண்ணாமலைக்கு மாற்றலாகி வந்தேன். வேங்கிக்காலில் முதலில் வாடகை வீடு, பிறகு சொந்த வீடு.

1996 மார்ச். என் மனைவியின் நுரையீரல்கள் தடித்து இறுகி வருவதாக வேலூரில் ஒரு மருத்துவமனை உறுதிசெய்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள்.

1997 ஏப்ரல். பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கினேன். இங்கே சில ஆண்டுகள் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊர் திரும்பும்போது விற்றது. அதில் ஏசி இருந்தது. வாங்கியதற்கு வேறு காரணம் இல்லை.

1997 மே முதல் 1998 செப்டம்பர் வரை. ஏசிக் காற்று தடம் மாறிப் போகும் கோளாறுக்காக அந்தக் கார் ஒரே மெக்கானிக்கிடம் பதினொரு முறை காட்டப்பட்டது. கோளாறில் ஒரு பகுதி சரிசெய்யப்பட்டது. மறு பகுதி கண்டுபிடிக்கப்படவில்லை.

1998 அக்டோபர். வேறொரு பட்டறையில், காற்றைத் திருப்பும் கதவு கம்பியால் இழுத்துக் கட்டப்பட்டது. கட்டச் சொன்னவன் நான்.

1998 நவம்பர். கனமழை. காலை ஆறு பத்துக்குப் புறப்பட்டோம். போளூரைத் தாண்டியதும் கார் ஐம்பது நிமிடம் சாலையோரம் நின்றது. ஒன்பது இருபத்தைந்துக்கு மருத்துவமனையை அடைந்தோம். மறுநாள் மாலை என் மனைவி இறந்தாள்.

2004 பிப்ரவரி. அந்த மெக்கானிக் இறந்தார். எனக்கு அக்டோபரில் தெரிந்தது.

இந்தக் குறிப்பு அவரைப் பற்றியது.

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவருடைய நாக்கிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. பேனா ரீஃபிலைவிடச் சற்றே பருமனான கறுப்புக் குழாய். அதன் மறுமுனை ஒரு காரின் டேஷ்போர்டுக்குள் போயிருந்தது. அவர் முன்னிருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, நாக்கை நீட்டியபடி, இரண்டு கைகளையும் மடியில் வைத்து, விரல்களால் எண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு கையை உயர்த்தி, இருங்கள் என்று சைகை காட்டினார். ஐந்து நிமிடத்துக்கு மேல் இருந்தேன். குழாய் தானாகக் கீழே விழுந்தபோது அவர் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம் அன்று. ஒரு தகவல் கிடைத்தவரின் அமைதி.

"முந்நூத்தி பத்து எண்ணிக்கை நின்னுச்சி சார். ஆனா விழுந்துடுச்சி," என்றார். பக்கத்தில் வைத்திருந்த தம்ளரிலிருந்து உப்புத் தண்ணீர் எடுத்து வாய் கொப்புளித்தார்.

டிராவல்ஸ் வண்டி ஓட்டும் ஓர் ஆள் கடை வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று, "இன்னாண்ணே, வண்டிக்கு முத்தம் குடுத்து முடிச்சிட்டியா? அண்ணிகிட்ட சொல்லட்டா?" என்றார்.

"சொல்லு. உன் வண்டிக்குக் குடுக்கலன்னும் சேத்து சொல்லு. அது வாய்ல வைக்கிற மாதிரியா இருக்குது?"

அந்தக் கடை வேங்கிக்காலுக்குப் போகும் சாலையில், தகரக் கூரையின்கீழ், இரண்டு வண்டிகள் நிற்கும் அளவில் இருந்தது. பெயர்ப்பலகையில் 'கார் ஏசி' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. பௌர்ணமியன்று கிரிவலத்துக்காகச் சாலையை அடைத்துவிடுவார்கள் என்பதால் கடை திறப்பதில்லை. மற்ற நாள்களில் காலை எட்டுக்குத் திறந்து, வெளிச்சம் குறைந்ததும் மூடுவார். விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததை நம்பக்கூடாது என்பது அவர் கொள்கை.

என் காரின் கோளாறு எளிதில் விளங்கக்கூடியது. சமதரையில் ஓடும்போது குளிர்காற்று முகத்துக்கு நேரே வரும். லாரியை முந்த ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலோ, பாலம் ஏறினாலோ, காற்று முகத்தை விட்டுவிட்டு முன்கண்ணாடிக்கு ஏறிவிடும். இறங்கும்போது மெல்லத் திரும்பி வரும். என் மனைவிக்கு அந்த இடைவெளி தாங்கமுடியாததாக இருந்தது. முகத்தில் காற்று படாவிட்டால், அறையில் யாரோ கதவைச் சாத்துவதுபோல் இருக்கிறது என்பாள்.

வெற்றிடம் பற்றி முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் நான். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது எழும் இழுவிசையை மெல்லிய குழாய்கள் டேஷ்போர்டுக்குப் பின்னால் கொண்டுசெல்கின்றன என்பதும், ஒவ்வொரு குழாயின் முனையிலும் உள்ளங்கை அளவு டப்பாவுக்குள் ஒரு ரப்பர் சவ்வு அந்த இழுப்புக்கு உள்வாங்கி, காற்றுக் கதவைத் திருப்புகிறது என்பதும் விளங்கிவிட்டன. எங்கேயோ கசிவு. எங்கே என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அவருக்கும் தெரியவில்லை. ஆனால் தெரியவில்லை என்பதை அவர் வைத்துக்கொண்ட விதம் வேறு.

"எல்லாத்தையும் மாத்திட்டா போயிடும்னு சொல்வாங்க சார். மாத்தினா போயிடும். எது கெட்டிருந்துச்சின்னு தெரியாமலே போயிடும்," என்றார். "நான் பாதி பாதியா பாப்பேன். நடுவுல ஒரு எடத்துல கிள்ளிப் புடிச்சிட்டு இந்தப் பக்கம் இழுப்பேன். நாக்கு ஒட்டி நின்னா இந்தப் பாதி சரி. அப்புறம் அந்தப் பாதிய பாதியாக்கி."

அதனால் ஊரில் அவருக்குப் 'பாதி' என்று பெயர் வைத்திருந்தார்கள். வண்டி எடுக்க வருகிறவர், சரியாகிவிட்டதா என்று கேட்டால், "பாதி சரிங்க," என்பார். முழுவதும் சரியாக இருந்தால், "இது வரைக்கும் சரிங்க," என்பார். இந்த இரண்டைத் தவிர வேறு உறுதிமொழி அவரிடமிருந்து யாருக்கும் கிடைத்ததில்லை.

லாட்ஜ் நடத்தும் ஒருவர் என் கண்ணெதிரே கோபித்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார். "ஏசிக்கு கேஸ் போட்டு வுடுய்யான்னா போட்டு வுட வேண்டிதான? ஆராய்ச்சி பண்றதுக்கு நீ இன்னா டாக்டரா?"

"கேஸ் எங்க போச்சின்னு தெரியாம போட்டா, போன எடத்துக்கே இதுவும் போவும்," என்றார் இவர். லாட்ஜ்காரர் போன பிறகு என் பக்கம் திரும்பி, "அவரு சொல்றதும் சரிதான் சார். ஆராய்ச்சிதான். வேற இன்னா தெரியும் எனக்கு," என்றார். அதில் கசப்பு இல்லை.

அவர் மனைவி மதியம் சாப்பாடு கொண்டுவருவார். உரத்த குரல். என்னைக் கண்டால், தன் வழக்குக்கு ஒரு நீதிபதி கிடைத்ததுபோல் ஆரம்பித்துவிடுவார்.

"கேளுங்க சார் இந்தக் கதைய. பெரிய பொண்ண பாக்க வந்தாங்க. பொண்ணுக்கு ஒடம்பெல்லாம் நல்லா இருக்குதான்னு சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறாங்க. எல்லாரும் கேக்கறதுதான? இந்த மனுஷன் இன்னா சொல்றாரு, இது வரைக்கும்ங்கறாரு! வந்தவங்க காபி கூட குடிக்கல."

"இருக்கறத சொன்னேன்," என்றார் அவர், சோற்றைப் பிசைந்தபடி.

"மழை வருமான்னு கேட்டா வானத்தையே ரெண்டா வெட்டிப் பாக்கற ஆளு சார் இது. எங்கப்பா எங்க போய் புடிச்சாரோ."

அந்தப் பெண்ணுக்குப் பிறகு கீழ்பென்னாத்தூரில் வரன் அமைந்தது. அங்கே யாரும் அவரிடம் எதுவும் கேட்காதபடி அவர் மனைவி பார்த்துக்கொண்டதாகச் சொன்னார்.

முதல் இரண்டு மாதத்தில் அவர் கோளாறின் ஒரு பாதியைக் கண்டார். எஞ்சினுக்கும் குழாய்களுக்கும் நடுவே, இழுத்து வைத்ததைத் திரும்ப விடாமல் காக்கும் ஒரு சிறிய வால்வு பழுதாகியிருந்தது. அதை மாற்றியபின், பாலம் ஏறும்போது காற்று உடனே தப்பவில்லை. சிறிது தாமதித்துத் தப்பியது. இன்னும் ஒரு நுண்ணிய கசிவு இருந்தது.

அதைத் தேட அவர் கண்ட வழிகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 1997 ஆகஸ்டில் ஒரு காலை, டேஷ்போர்டின் ஒவ்வொரு காற்றுத் துவாரத்திலும் தையல் நூலைச் சாணளவு வெட்டிக் கட்டினார். நடுவில் இரண்டுக்கு வெள்ளை. ஓரத்தில் இரண்டுக்குச் சிவப்பு. கண்ணாடிக்குக் கீழே கறுப்பு. பிறகு என் மனைவியிடம் வந்தார்.

"அம்மா, நீங்கதான் மீட்டரு. சார் ஓட்டட்டும். நான் பின்னாடி உக்காந்து கேக்கறேன். எந்த நூலு ஆடுது, எது தொங்குதுன்னு நீங்க சொல்லிகினே வரணும்."

"நான் சொன்னா நம்புவீங்களா?" என்றாள்.

"கண்ணால பாத்தத சொன்னா நம்புவேன். தோணுறத சொன்னா நம்ப மாட்டேன்."

போளூர் சாலையில் போய் வந்தோம். அவள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, அஞ்சலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கடிதம் பிரித்த கவனத்தோடு, ஒவ்வொரு நூலையும் அறிவித்தாள். "வெள்ளை ரெண்டும் நிக்குது. பாலம் வருது. வெள்ளை ஆடுது, ஆடுது... இடதுகை வெள்ளை விழுந்துடுச்சு! கறுப்பு எழுந்துடுச்சு!" பின்னாலிருந்து அவர், "எத்தனை எண்ணிக்கைல?" என்பார். "பதினொண்ணு," என்பாள். அந்த மூன்று ஆண்டுகளில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. திரும்பி வந்தபின் நெடுநேரம் இருமினாள். ஆனால் இருமலுக்கு நடுவே, "முதல்ல இடதுகை வெள்ளைதான். அதை அவர்கிட்ட மறுபடியும் சொல்லுங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அவளிடம் நல்லாயிடும் என்றார்கள். அவர் மட்டும், "நேத்தைக்கு இன்னைக்கு எப்படிங்கம்மா?" என்று கேட்பார். அவள் யோசித்துப் பதில் சொல்வாள். கேட்டுக்கொள்வார். அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

"அவர் ஒருத்தர்தாங்க எனக்கு நல்லாயிடும்னு சொல்லாதவர்," என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை.

நூல் சோதனை கோளாறை இடப்பக்கத்துக்குக் கொண்டுவந்தது. அடுத்த கோடையில் கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஒரு பாதரச அழுத்தமானியை எடுத்துப் போனேன். ஆங்கில 'யு' வடிவக் கண்ணாடிக் குழாய். இதில் மட்டும் வாய் வைக்கக்கூடாது என்று அவரிடம் இரண்டு முறை சொன்னேன். எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, பாதரசம் உயர்ந்து நிற்பதைப் பார்த்ததும், "நம்ம நாக்க விட நல்லா நிக்குது சார்," என்று குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை எட்டிலிருந்து பத்துவரை பாதரசம் நின்ற இடத்திலேயே நின்றது. கசிவே இல்லை என்று நான் சொல்லியிருப்பேன். அவர், "இருங்க சார்," என்றார். பன்னிரண்டுக்குத் தகரக் கூரை காய்ந்து, காருக்குள் கை வைக்க முடியாதபடி சூடேறியது. பாதரசம் மெல்ல இறங்கத் தொடங்கியது.

"சூட்டுலதான் ஒழுவுது," என்றார். "ரப்பர் காயும்போது விரியுது. ராத்திரி ஆறினா சேந்துக்குது. எடப்பக்கம் மூணு டப்பா இருக்குது சார். மூணுல ஒண்ணு. ஆனா டேஷ்போர்ட முழுசா எறக்கணும். எறக்கி, தெனம் உச்சி வெயில்ல ஒண்ணொண்ணா பாக்கணும். ஒரு வாரம் வண்டிய விடுங்க."

ஒரு வாரம் என்னால் விட முடியவில்லை. அப்போது வேலூர்ப் பயணம் வாரம் ஒருமுறை ஆகியிருந்தது. நடுவில் எந்த நாளிலும் திடீரென்று புறப்பட நேரலாம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன். கோடை போயிற்று. மூன்று டப்பாக்களையும் ஒன்றாக மாற்றிவிடலாமே என்றேன். அந்தக் காருக்கான டப்பா அப்போது இந்தியாவில் எங்கும் கிடைக்கவில்லை. கெட்டுப்போன ஒன்றைக் கண்டால் சவ்வை மட்டும் வெட்டி ஒட்ட முடியும், கெடாத இரண்டைப் பிரித்தால் அவையும் கெடும் என்று விளக்கினார். அதுவும் சரியாகவே இருந்தது.

செப்டம்பரில் ஒரு மதியம் அவரிடம் போய், அந்தக் கதவைக் கம்பியால் இழுத்து முகத்துப் பக்கமாகவே கட்டிவிடுங்கள் என்றேன். வெற்றிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காற்று அவளுக்கே வரும்.

"அது மட்டும் வேணாம் சார்."

"ஏன்?"

"வாக்கம் இழுப்பு போனா காத்து கண்ணாடிக்குப் போவுது இல்ல? அது ரிப்பேர் இல்ல சார். அப்படித்தான் செஞ்சி வச்சிருக்கான். மத்ததெல்லாம் செத்தாலும் ஓட்டுறவனுக்குக் கண்ணு தெரியணும்னு. மழையில கண்ணாடி பூத்துச்சின்னா அந்தக் காத்துதான் தொடைக்கும். அந்த வழிய நான் அடைக்க மாட்டேன்."

"மழை எங்கே இருக்கு?"

"இப்போ இல்ல."

"அவளுக்கு முடியல. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்," என்றார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "ஒரு வாரம் விடுங்க சார்," என்றார் மீண்டும்.

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. பிடிவாதக்காரர் என்றும், என் மனைவியின் மூச்சைவிடத் தன் முறை பெரிதென்று நினைக்கிறார் என்றும் வீட்டில் சொன்னேன். அவள், "அப்படி இல்லைங்க," என்று மட்டும் சொன்னாள்.

அக்டோபரில் வேறொரு பட்டறைக்குப் போனேன். கேள்வி கேட்காமல் இருபது நிமிடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அதன் பிறகு ஐந்து பயணங்கள். ஐந்திலும், பாலங்களிலும் லாரிகளுக்குப் பின்னாலும், காற்று அவள் முகத்திலேயே நின்றது. ஐந்திலும் அவள் தூங்கினாள். இதையும் பதிவு செய்ய வேண்டும்.

ஆறாவது பயணத்தன்று விடியற்காலையிலிருந்தே மழை. அவளுக்குக் காய்ச்சல். குளிரால் ஏசியைப் போட முடியவில்லை. ப்ளோயரை வைத்தால் காற்று நேரே அவள் முகத்தில் அடித்தது. நிறுத்தினால் எங்கள் இருவர் மூச்சும் கண்ணாடியில் பூத்தது. ஜன்னலை இறக்கினால் சாரல் அவள்மேல் விழுந்தது. போளூர்வரை துணியால் துடைத்தபடி ஓட்டினேன். பிறகு அவள் எட்டி, முந்தானையால் என் பக்கத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்றேன். துடைத்தாள். மூச்சு வாங்கியது. போளூரைத் தாண்டி ஒரு மாட்டுவண்டியை மிக அருகில் வந்த பிறகே கண்டேன். ஓரமாக நிறுத்திவிட்டேன். டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு அந்தக் கம்பியை அறுக்கப் பார்த்தேன். விரல் நுனிக்குத் தட்டுப்பட்டது. பிடிக்கு வரவில்லை. மழை குறையும்வரை ஐம்பது நிமிடம் அங்கே இருந்தோம்.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் மெக்கானிக் என் வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்லியிருந்தார்கள்: உங்க கையில என்ன இருக்கு. நோய் முற்றியிருந்தது, ஒரு மணி நேரத்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று என் மைத்துனர் சொன்னார். அவர் மருத்துவர் அல்லர்.

இவர் உள்ளே வருமுன் காரைப் பார்த்துவிட்டு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"கட்டியிருக்கீங்களா சார்?"

"ஆமாம்."

நான் சொன்னேனே என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அது வந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். வரவில்லை. நானே கேட்டேன். "அந்த ஐம்பது நிமிஷத்தாலதானா?"

அவர் வேறொன்று கேட்டார். "வீட்ல பொறப்படும்போது எப்படி இருந்தாங்க?"

"ஜுரம். ஆனா பேசினா. வாசல் விளக்கை அணைச்சீங்களான்னு கேட்டா."

"ஆஸ்பத்திரியில எறங்கும்போது?"

"பேசல."

"அப்போ நடுவுல. போளூர்ல?"

"மணி கேட்டா. சொன்னேன்."

"அப்போ போளூர் வரைக்கும் சரி," என்றார். "வண்டி நின்ன எடத்துல?"

"கண்ணாடியைத் துடைச்சிட்டே இருந்தா. நான் கையைப் பிடிச்சு நிறுத்தினேன்."

"கை சூடா இருந்துச்சா, ஜில்லுனு இருந்துச்சா?"

"சூடு."

"மறுபடி கெளம்பும்போது?"

எனக்குத் தெரியவில்லை. மழை விட்டதும் சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினேன். கண்ணமங்கலம் வந்தது நினைவிருக்கிறது. அவள் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். முந்தைய ஐந்து பயணங்களிலும் தூங்கியிருந்தாளே. இதையெல்லாம் சொன்னேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல் தரையில் எங்கேயோ பார்த்தபடி கேட்டார். அந்தச் சாலையை அவர் இரண்டாக வெட்டி, மறுபடி இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. எழுந்து போகச் சொல்லத் தோன்றவில்லை. அந்த இரண்டு வாரங்களில் என்னோடு அந்தச் சாலைக்கு வந்தவர் அவர் ஒருவரே.

"உள்ள கொண்டு போனதும் வெரல்ல மாட்டி ஒரு நம்பர் எழுதியிருப்பாங்க சார். மூச்சு எவ்ளோ இருக்குதுன்னு," என்றார் கடைசியில். "அது ரொம்ப கம்மியா இருந்தா, ரோட்லயே நடந்தது. ஓரளவுக்கு இருந்தா, ரோட்டுக்கு அப்புறம் நடந்தது. அந்த ஒரு நம்பர் தெரிஞ்சா போதும். கேட்டா குடுப்பாங்க சார்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"தெரியாதுங்க சார்."

"சும்மா சொல்லுங்களேன்."

"தெரியாதத எப்படி சார் சொல்றது?" என்று எழுந்துகொண்டார். அப்போதும் சொல்லவில்லை.

புறப்படும்போது, காரின் பக்கத்தில் நின்று, "இப்போ ஒரு வாரம் விடலாம் இல்ல சார்?" என்றார். அதில் குத்தல் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதன்பின் ஓர் ஆண்டு முழுவதும் அந்தக் கேள்வியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த மாதம் வேலூர் போனேன். பதிவறை மாடியில் இருந்தது. எழுத்தர் மரியாதையானவர். மனு எழுதிக் கொடுத்தால் நகல் கிடைக்கும், அவசரமில்லை, பத்து வருஷம் வைத்திருப்போம் என்றார். மனு எழுத ஒரு தாள் கேட்டு வாங்கிக்கொண்டேன். எழுதாமல் ஊர் திரும்பினேன். அதன் பிறகு கல்லூரிக்கு மெக்கானிக்கின் கடை வழியாகப் போவதை நிறுத்தி, சுற்றிப் போனேன்.

அவர் மறுபடியும் வந்தார். 1999இல் ஒருமுறை, 2001இல் ஒருமுறை. இரண்டாம் முறை தலை நரைத்து, இளைத்திருந்தார். தேநீர் வைத்துக் கொடுத்தேன்.

"அந்த நம்பர் கேட்டீங்களா சார்?"

அப்போதுதான் சொன்னேன். "கேட்டேன். நல்லாத்தான் இருந்திருக்கு. ரோட்டுல இல்லை. அதுக்கு அப்புறம்தான்."

"எவ்ளோ சார்?"

ஓர் எண்ணைச் சொன்னேன். அவர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணர வருஷம் வண்டிய பாத்தேன் சார். பதினோரு தடவ. நான் கண்டுபுடிச்சிருந்தா நீங்க கம்பி கட்டியிருக்க மாட்டீங்க," என்றார். "சோத்துல கை வச்சா இதான் நெனப்பு. எங்க வீட்டுல கேட்டா இன்னான்னு சொல்றது? போளூர் பக்கம் வண்டி பாக்கக் கூப்ட்டா போவ மாட்டேன்."

போளூர் தாண்டிய அந்தச் சாலையோரத்தில் நான் மட்டும் நின்றுகொண்டிருப்பதாக மூன்று ஆண்டுகள் நினைத்திருந்தேன். அவரிடம் உண்மையைச் சொல்ல அப்போது நேரம் இருந்தது. அவர் தேநீரைக் குடித்து முடித்து, மேல்துண்டால் முகம் துடைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, கேட்டுவரை நடந்தார். நானும் கூடவே நடந்தேன்.

"சரிங்க சார்," என்றார். 'இது வரைக்கும்' என்று சேர்க்கவில்லை. என்னை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. வாழ்நாள் முழுவதும் ஓட்டை தேடிய மனிதர் அவர். ஒரு விரிவுரையாளன் தடுமாறாமல் சொன்ன எண்ணில் ஓட்டை இருப்பது அவருக்குத் தெரியாமலா போயிருக்கும் என்றும் நினைக்கிறேன். மேற்கொண்டு கேட்காமல் போனது அவர் எனக்குச் செய்ததா, தனக்குச் செய்துகொண்டதா என்பதும் தெரியாது.

2004 அக்டோபரில் பேருந்து நிலையத்தருகே அந்த டிராவல்ஸ் ஓட்டுநர் என்னை நிறுத்தினார். "தெரியாதா சார் உங்களுக்கு? பாதி அண்ணன் போயி எட்டு மாசம் ஆவுது. நெஞ்சு வலி. கடைய காலி பண்ணிட்டு அண்ணி கீழ்பென்னாத்தூர் பொண்ணு வூட்டோட போயிட்டாங்க." பிறகு, "உங்களப் பத்தி நெறைய சொல்வாரு சார். சார் ஒருத்தருதான் எனக்கு முழுசா ஒரு பதில் சொன்னவருன்னு," என்றார்.

இது 2008 நவம்பர். எழுதி முடித்தபின் படித்துப் பார்த்தேன். திருத்த வேண்டிய தகவல் எதுவும் இல்லை. செய்யாமல் விட்டவை உள்ளன.

ஒன்று. காரின் டேஷ்போர்டை இறக்கி, இடப்பக்கத்து மூன்று டப்பாக்களையும் உச்சிவெயிலில் சோதிப்பது. கார் கொட்டகையில் நிற்கிறது. பேட்டரி இல்லை.

இரண்டு. கம்பியை அறுப்பது.

மூன்று. கீழ்பென்னாத்தூருக்குப் போய், அவர் மனைவியிடம், அவருக்கு நான் சொன்ன எண் என் கற்பனை என்று சொல்வது. சொன்னால் யாருக்கு என்ன நன்மை என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

நான்கு. வேலூர்ப் பதிவறைக்கு மனு. எழுதியாகிவிட்டது. கையொப்பம் இடவில்லை. பத்து ஆண்டு முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.